விபி6-ல் இருந்து வெளியே வர வேண்டும்: விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓட எந்த டூல்கிட்?

எடைக்கல்

எல்லோருக்கும் வணக்கம். நெல் அரவை மில்களின் எடை மேடைக்கு ஒரு ப்ரோக்ராம் எழுதி, தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் சில மில்களுக்குக் கொடுத்திருக்கிறேன். விஷுவல் பேசிக் 6 (விபி6), ஆக்சஸ் டேட்டாபேஸ். வண்டி மேடையில் ஏறும். எடையைக் காட்டும் இண்டிகேட்டர் பெட்டியில் இருந்து எடை சீரியல் போர்ட் வழியாக வரும். லோடோடு ஒரு எடை, வெறும் வண்டி ஒரு எடை, கழித்தால் நிகர எடை, சீட்டு அச்சாகும். அவ்வளவுதான் வேலை.

விபி6-ல் எழுதியது விண்டோஸ் 11-லும் இன்னும் ஓடுகிறது, அதில் குறையில்லை. பிரச்சினை வேறு. ஒரு மில்லில் கணினி பழசாகி, முதலாளி பையன் அதில் லினக்ஸ் போட்டுவிட்டான். இன்னொரு முதலாளி மேக் வாங்கியிருக்கிறார், "அதிலும் தெரியணும் தம்பி" என்கிறார். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் யூனிகோட் அல்லாத பாமினி ஃபாண்டில் கிடக்கின்றன, எக்செலுக்கு அனுப்பினால் குப்பையாக வருகிறது.

எனக்கு விபி நன்றாகத் தெரியும், பைத்தான் சுமாராகத் தெரியும், சி++ பயம். நான் ஒரே ஆள். மூலநிரலை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கப் போவதில்லை. சாளரம், பட்டன் எல்லாம் கட்டித் தரும் டூல்கிட்டில் எலக்ட்ரான், ஃப்ளட்டர், க்யூட்டி (Qt), லாசரஸ், டாட்நெட் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது?

---

மதுரை_மல்லி

எலக்ட்ரான். யோசிக்கவே வேண்டாம்.

குரோமியம் உலாவி எஞ்சின் உள்ளேயே வருவதால் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி தெரியும். தமிழ் எழுத்து உடையாது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் தெரிந்த பையன் எந்த ஊரிலும் கிடைப்பான், நாளைக்கு உங்களுக்கு உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் அதுதான் முக்கியம். சீரியல் போர்ட்டுக்கு நோடில் நல்ல தொகுப்பு இருக்கிறது. விஎஸ் கோட் எலக்ட்ரானில்தான் ஓடுகிறது, இதைவிட என்ன சான்று வேண்டும்?

---

நூல்கண்டு

டூல்கிட் பெயரைச் சொல்வதற்கு முன் நாலு கேள்வி.

மில்களில் இருக்கும் கணினிகளில் ரேம் எவ்வளவு? விண்டோஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா? சீட்டு எந்த பிரிண்டரில் அடிக்கிறீர்கள்? மேக் வைத்திருப்பவர் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடை பிடிக்கப் போகிறாரா, இல்லை கணக்கு மட்டும் பார்க்கப் போகிறாரா?

---

எடைக்கல்

நல்ல கேள்விகள்தான். பெரும்பாலும் 4 ஜிபி, இரண்டு மில்லில் 2 ஜிபி. அந்த இரண்டும் விண்டோஸ் 7, 32 பிட். மற்றவை விண்டோஸ் 10. பிரிண்டர் டாட் மேட்ரிக்ஸ். கார்பன் வைத்து மூன்று பிரதி எடுப்பதால் இங்க்ஜெட், லேசர் எதுவும் ஆகாது. மேக்காரர் கணக்கு மட்டும்தான் பார்ப்பார், அதுவும் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து.

---

நூல்கண்டு

> மேக்காரர் கணக்கு மட்டும்தான் பார்ப்பார்

அப்படியானால் அவருக்கு டெஸ்க்டாப் ப்ரோக்ராமே தேவையில்லை. தினம் இரவு ஒரு பிடிஎஃப் உருவாகி அவருக்கு மெயிலில் போனால் போதும். மேக்குக்கு ஒரு ப்ரோக்ராம் கொடுப்பது என்றால், பில்ட் செய்ய மேக் வேண்டும், ஆப்பிள் டெவலப்பர் கணக்குக்கு வருடம் 99 டாலர், நோட்டரைசேஷன் என்று ஆப்பிளிடம் சரிபார்ப்பு வாங்கும் ஒரு சடங்கு. அது செய்யாமல் கொடுத்தால் திறக்கும்போதே மேக் மிரட்டும். ஒரே ஒருவருக்காக இவ்வளவு தலைவலி வேண்டாம்.

ஆக உங்கள் பட்டியல் விண்டோஸ், லினக்ஸ் இரண்டாகக் குறைந்தது. இப்போது விண்டோஸ் 7-க்கு வருவோம், ஏனென்றால் பாதி பேரை அதுவே வெளியே அனுப்பிவிடும்.

எலக்ட்ரான் 22-தான் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசிப் பதிப்பு. 23-ல் இருந்து விண்டோஸ் 10 வேண்டும். க்யூட்டி 6-க்கும் விண்டோஸ் 10 வேண்டும். க்யூட்டி 5.15 விண்டோஸ் 7-ல் ஓடும், ஆனால் பைத்தான் வழியாகப் போனால் பைத்தான் 3.8-ஐத் தாண்ட முடியாது, 3.9-ல் இருந்து விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டார்கள். டௌரி என்று இன்னொன்று, அதுவும் வெப் பக்கமாகத்தான் சாளரம் காட்டும்; விண்டோஸில் வெப்வியூ2 என்ற உலாவிப் பகுதியை நம்பி ஓடுவது, அந்த வெப்வியூ2 விண்டோஸ் 7-க்கு 109-வது பதிப்போடு நின்றுவிட்டது.

அந்த இரண்டு மில்காரர்களும் கணினியை மாற்றுவார்களா என்று முதலில் கேளுங்கள். பதில் "ஆமாம்" என்றால் ஒரு வழி, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றால் வேறு வழி.

---

மதுரை_மல்லி

விண்டோஸ் 7-க்கு 2020-லேயே மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபரில் முடிந்தது. அதற்கெல்லாம் இன்னும் ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்பது வாடிக்கையாளருக்குச் செய்யும் உதவியா?

---

பழையசோறு

மல்லி, மில்லில் இருக்கிற கணினி இண்டர்நெட்டையே பார்த்திருக்காது. தவிட்டுத் தூசி படிந்து, மேலே சாமி படம் ஒட்டி, பத்து வருடமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும். அதை மாற்றச் சொன்னால் முதலாளி நம்மை மாற்றுவார்.

எடைக்கல், உங்களுக்கு லாசரஸ். விபி6-ல் ஃபார்மில் பட்டனை இழுத்துப் போட்டு, இரண்டு தட்டு தட்டி கோட் எழுதுவீர்கள் அல்லவா, அதே வேலைமுறைதான். மொழி பாஸ்கல். பிகின், எண்ட் பழக ஒரு வாரம் ஆகும், அவ்வளவே. ஒரே மூலத்தில் இருந்து விண்டோஸ் 32 பிட், 64 பிட், லினக்ஸ் எல்லாவற்றுக்கும் கம்பைல் ஆகும். பக்கத்தில் ரன்டைம் எதுவும் வைக்க வேண்டாம், டீபக் தகவலை நீக்கினால் சில எம்பி அளவில் ஒரே எக்ஸிஇ. பென் டிரைவில் போட்டு எடுத்துப் போகலாம்.

லைசென்ஸும் பிரச்சினையில்லை. லாசரஸின் எல்சிஎல் நூலகம் எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல லைசென்ஸில்தான் வருகிறது, ஆனால் ஸ்டாட்டிக்காக லிங்க் செய்ய விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். மூலநிரலை மூடி வைத்துக் காசு வாங்கலாம்.

---

புதுவரவு

கல்லூரி மாணவன், தெரியாமல் கேட்கிறேன். அண்ணனுக்குப் பைத்தான் சுமாராகத் தெரியும் என்றாரே, பைத்தானோடு சேர்ந்தே வரும் டிகேஇன்டர் போதாதா? எங்களுக்கு லேபில் அதுதான் சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொரு நண்பன் டியர் ஐஎம்ஜியூஐ ரொம்ப வேகம் என்கிறான்.

---

யாழ்_குறி

புதுவரவு, உங்கள் கேள்விக்குத் தமிழ் வழியாகப் பதில் சொல்கிறேன். இங்கே ஒருவரும் அதை இன்னும் சரியாகத் தொடவில்லை.

"நெல்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் முதலில் ந, அதன் பின் ஒற்றைக்கொம்பு, பின் ல, பின் புள்ளி என்று சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு ந-வுக்கு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது எழுத்துருவும் அதைக் கையாளும் இயந்திரமும் சேர்ந்து. ஹார்ஃப்பஸ் என்ற நூலகம்தான் இன்று பெரும்பாலான இடங்களில் இந்த வேலையைச் செய்கிறது: குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ், க்யூட்டி, ஜிடிகே பயன்படுத்தும் பேங்கோ, ஃப்ளட்டர், அவலோனியா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. விண்டோஸின் சொந்தக் கட்டுப்பாடுகளில் விண்டோஸே பார்த்துக்கொள்கிறது.

டிகேஇன்டருக்கு அடியில் இருப்பது டிகே. விண்டோஸிலும் மேக்கிலும் அது அமைப்பின் வசதியைப் பயன்படுத்துவதால் தமிழ் ஒழுங்காக வரும். லினக்ஸில் இத்தனை வருடமாக எக்ஸ்எஃப்டி வழியாக எழுத்தை ஒவ்வொன்றாக வரைந்து வந்திருக்கிறது, இடமாற்றம் இல்லை. விண்டோஸில் எழுதிப் பார்த்து "அருமை" என்று லினக்ஸுக்குக் கொண்டுபோனால், கொம்பு ந-வுக்குப் பின்னால் போய் நிற்கும். டியர் ஐஎம்ஜியூஐ விளையாட்டு உருவாக்குபவர்களின் உள்வேலைக் கருவிகளுக்காக எழுந்தது. எழுத்துச் சேர்க்கை தங்கள் வேலை இல்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். தமிழ் இடைமுகத்துக்கு அது ஆகாது.

ஆகவே எந்த டூல்கிட்டை எடுத்தாலும் முதலில் ஒரு வெற்றுச் சாளரம், அதில் ஒரு உள்ளீட்டுப் பெட்டி, ஒரு பட்டியல், ஒரு பொத்தான். மூன்றிலும் "நெல் கொள்முதல், ஸ்ரீ பொன்னி, க்ஷ" என்று இட்டு, நீங்கள் கொடுக்கப்போகும் எல்லா இயங்குதளத்திலும் பாருங்கள். காட்டுவது ஒன்று, தட்டச்சு செய்வது வேறு. தமிழ்99-ல் தட்டும்போது உள்ளீட்டு முறையோடு சாளரம் ஒழுங்காகப் பேசுகிறதா என்றும் பார்க்க வேண்டும், லினக்ஸில் ஐபஸ், எஃப்சிஐடிஎக்ஸ் இரண்டிலும்.

அடுத்தது வரிசை. உங்கள் ப்ரோக்ராமில் விவசாயிகளின் பெயர்ப் பட்டியல் இருக்கும். டேட்டாபேஸ் யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கினால் அகிலா முதலில் வந்து அக்கா பின்னால் போகும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளின் எண்களை விடப் பெரியது, அதனால் வரும் வினை. நம் அகராதியில் க் முதலில், க பிறகு. அதேபோல ழ-வின் எண் வ-வுக்கு முந்தியது. அழகர்கோவில் முதலில், அவிநாசி பிறகு என்று வரும். நமக்கு வ, ழ, ள, ற, ன என்ற ஒழுங்கு. க்யூட்டியில் இதற்கு க்யூகொலேட்டர் என்ற வகுப்பு இருக்கிறது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் என்றால் நாமே ஒரு ஒப்பிடும் செயல்பாட்டை எழுதிப் பதிவு செய்யலாம். நாற்பது வரி வேலை, ஆனால் முதலிலேயே செய்துவிட வேண்டும்.

---

எடைக்கல்

யாழ்_குறி, மிக்க நன்றி. பாமினியில் அந்தக் கொம்பை நாங்கள் முதலில் தட்டுவோம், ந-வை அப்புறம். மாற்றும்போது அதுவும் புரட்டிப் போட வேண்டும் அல்லவா?

---

யாழ்_குறி

ஆம். கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பது பாமினி, ஒலிப்பு வரிசையில் சேமிப்பது யூனிகோட். மாற்றித் தரும் நிரல்கள் இருக்கின்றன, அது பெரிய தடையில்லை. உங்கள் பெயர்ப் புலத்தில் சிலர் ஆங்கிலத்திலும் தட்டியிருப்பார்கள், அங்கேதான் கவனம். பாமினிக்கு உள்ளே இருப்பதும் சாதாரண ஆங்கில எழுத்துகளின் எண்கள்தான் என்பதால், எது தமிழ் எது ஆங்கிலம் என்று நிரலுக்குத் தெரியாது. வண்டி எண்ணையும் சேர்த்துத் தமிழாக்கிவிடும். புலம் புலமாகப் பிரித்து மாற்றுங்கள்.

---

நூல்கண்டு

தமிழ் பற்றி யாழ்_குறி சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. நான் க்யூட்டி பக்கம் பேசுகிறேன், அதில்தான் எனக்குச் சோறு.

க்யூட்டியின் பலம் எங்கே என்றால், பட்டன் அழகில் இல்லை. சீரியல் போர்ட், எஸ்க்யூஎல், பிரிண்ட், பிடிஎஃப், மொழிபெயர்ப்பு எல்லாம் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. க்யூசீரியல்போர்ட் எடுத்துக்கொண்டால், பைட் வந்ததும் ஒரு சிக்னல் கொடுக்கும், நீங்கள் ஒரு ஸ்லாட்டில் வாங்கிக்கொள்ளலாம், தனி த்ரெட் வேண்டாம். எடை மேடை ப்ரோக்ராம் எழுதும் பலர் மெயின் த்ரெட்டிலேயே போர்ட்டைப் படித்துக் காத்திருப்பார்கள். இண்டிகேட்டர் வயர் கழன்றால் திரை முழுக்க உறைந்துபோகும். எந்த டூல்கிட்டிலும் திரையைத் தொடும் வேலை மெயின் த்ரெட்டில், காத்திருக்கும் வேலை வெளியே. இது மாறாது.

நம்பிக்கை விஷயத்தில்: 1990-களில் இருந்து இருக்கும் டூல்கிட். வையர்ஷார்க் ஜிடிகே-யை விட்டு 2015-ல் 2.0 பதிப்பில் க்யூட்டிக்கு வந்தது. விஎல்சி 2008-ல் டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸை விட்டு வந்தது. ஜிடிகே கெட்டது என்று அர்த்தமில்லை, க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குள் அதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் விண்டோஸும் மேக்கும் அதற்கு எப்போதும் இரண்டாம் பந்தி.

டபிள்யூஎக்ஸ் விட்ஜெட்ஸையும் மதிக்கிறேன். 1992-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஒவ்வொரு இயங்குதளத்தின் சொந்தக் கட்டுப்பாடுகளையே எடுத்துப் போடும். ஃபைல்ஸில்லா, கிகேட் இரண்டும் அதில்தான். பைத்தானில் இருந்து பயன்படுத்தினால் லினக்ஸில் பிப் போட்டதும் பல சமயம் மூலத்தில் இருந்து பில்ட் ஆகத் தொடங்கிவிடும், டீ குடித்துவிட்டு வரலாம்.

---

பழையசோறு

க்யூட்டி லைசென்ஸ் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள் நூல்கண்டு. அதை விட்டுவிட்டால் எப்படி?

---

நூல்கண்டு

சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

டிரோல்டெக் என்ற நார்வே நிறுவனம் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் லைசென்ஸ் முழுச் சுதந்திரமாக இல்லை. கேடிஇ என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் அதை எடுத்துக்கொண்டதும் பெரிய சண்டை, 1997-ல் க்னோம் பிறந்ததற்கே அது ஒரு காரணம். 2000-ல் ஜிபிஎல் வந்தது, அதை வைத்து எழுதிக் கொடுத்தால் நம் மூலநிரலையும் திறக்க வேண்டும். 2008-ல் நோக்கியா வாங்கியது, 2009-ல் 4.5 பதிப்போடு எல்ஜிபிஎல் சேர்ந்தது. அதுதான் நம்மைப் போன்ற தனி ஆட்களுக்குக் கதவைத் திறந்தது. அப்புறம் டிஜியா, இப்போது தி க்யூட்டி கம்பெனி. 2020-ல் இன்ஸ்டாலரை இறக்கக் கணக்கு வேண்டும் என்றார்கள், நீண்டகாலப் பதிப்புகளைக் காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் என்றார்கள். கோபம் வந்தது, நியாயம்தான். ஆனால் கேடிஇ-யோடு 1998-ல் இருந்து ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. இலவசப் பதிப்பை வெளியிடாமல் நிறுத்தினால், பிஎஸ்டி லைசென்ஸில் வெளியிடும் உரிமை அந்த அறக்கட்டளைக்கு உண்டு. இப்படி ஒரு காப்பு வேறு எந்த டூல்கிட்டுக்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எடைக்கல்லுக்குத் தேவையானது இவ்வளவுதான். எல்ஜிபிஎல் க்யூட்டியை வைத்து மூடிய ப்ரோக்ராம் விற்கலாம். க்யூட்டி டிஎல்எல் ஃபைல்கள் (அதன் நூலகங்கள்) தனியாக இருக்கட்டும், பயனர் விரும்பினால் மாற்றிப் போடும்படி. லைசென்ஸ் வாசகத்தைக் கூடவே கொடுங்கள், க்யூட்டியின் மூலம் கிடைக்கும் வழியையும் சொல்லுங்கள். பைத்தான் ப்ரோக்ராமைப் பேக் செய்யும் பைஇன்ஸ்டாலரில் ஒரே ஃபைல் முறைக்குப் பதில் ஃபோல்டர் முறை நல்லது. ஆன்டிவைரஸ் தொல்லையும் அதில் குறைவு.

பைத்தானில் க்யூட்டியைப் பயன்படுத்த இரண்டு பெயர் பார்ப்பீர்கள். பைசைடு எல்ஜிபிஎல். பைக்யூட்டி ஜிபிஎல், இல்லாவிட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டும். கோட் கிட்டத்தட்ட ஒன்றேதான், யூட்யூபில் பார்த்துப் பைக்யூட்டியை எடுத்துவிட்டு மூடிய ப்ரோக்ராம் விற்கிறவர்கள் நிறைய. க்யூட்டி சார்ட்ஸ் போன்ற சில பகுதிகளுக்கு எல்ஜிபிஎல் கிடையாது, அதையும் பார்த்து எடுங்கள்.

---

மதுரை_மல்லி

இவ்வளவு வக்கீல் வேலை எலக்ட்ரானில் இல்லை, எம்ஐடி லைசென்ஸ், முடிந்தது. ஒரு விஷயம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: 2 ஜிபி ரேமில் எலக்ட்ரான் கஷ்டம். பேக் செய்ததும் 100 எம்பி-யைத் தாண்டும். டௌரி பாருங்கள், குரோமியத்தைச் சுமக்காமல் அமைப்பில் இருக்கும் வெப்வியூவையே பயன்படுத்துவதால் சில எம்பி-தான்.

---

நூல்கண்டு

டௌரியில் விண்டோஸுக்கு வெப்வியூ2, மேக்குக்கு டபிள்யூகேவெப்வியூ, லினக்ஸுக்கு வெப்கிட்ஜிடிகே. மூன்றும் ஒரே எஞ்சின் இல்லை. எலக்ட்ரானைத் தேர்ந்தெடுக்க நீங்கள் சொன்ன முதல் காரணமே "எங்கும் ஒரே மாதிரி" என்பது, அது டௌரியில் போய்விடுகிறது. அடியில் எழுத ரஸ்ட் வேறு. எடைக்கல் சி++-க்கே பயம் என்கிறார்.

---

புதுவரவு

ஃப்ளட்டர் பற்றி யாரும் சொல்லவில்லையே?

---

பழையசோறு

டெஸ்க்டாப்புக்கு 2022-ல்தான் ஸ்டேபிள் ஆனது. உபுண்டுவே தன் இன்ஸ்டாலரை அதில் எழுதியது, எனவே விளையாட்டுப் பொருள் இல்லை. ஆனால் அதன் உடம்பு முழுக்க ஃபோன். மேடைக்காரர் மவுஸைத் தொடமாட்டார். எஃப்2 அழுத்தி முதல் எடை, எஃப்3 அழுத்தி இரண்டாம் எடை, எண்டர், எண்டர், எண்டர், சீட்டு. டேப் ஆர்டர் ஒன்று தப்பினால் வண்டி வரிசை தெருவரை நிற்கும்.

டாட்நெட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வின்ஃபார்ம்ஸ் விண்டோஸ் மட்டும். மௌயியில் மைக்ரோசாஃப்டின் லினக்ஸ் ஆதரவு இல்லை. அவலோனியா நன்றாக இருக்கிறது, சி ஷார்ப் தெரிந்தவராக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

---

ஒலிவழி

நான் பார்வையற்றவன், கணக்கு வேலை பார்க்கிறேன், என்விடிஏ ஸ்க்ரீன் ரீடர்தான் என் கண். இந்த மாதிரி விவாதங்களில் கடைசியில்கூட எங்கள் பேச்சு வருவதில்லை, அதனால் நானே வந்துவிட்டேன்.

மில் அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர் என்னைப் போன்றவராக இருக்கலாம். சொந்தக் கட்டுப்பாடுகளைப் பயன்படுத்தும் டூல்கிட் என்றால் பாதி வேலை தானாக நடந்துவிடும். என்விடிஏ-வின் சொந்தச் சாளரங்களே டபிள்யூஎக்ஸ்பைத்தானில் எழுதியவைதான். க்யூட்டி தானே வரைந்தாலும் பட்டன், பெட்டி, பட்டியல் பற்றிய தகவலை ஸ்க்ரீன் ரீடருக்குக் கொடுக்கிறது, பயன்படுத்த முடிகிறது. எலக்ட்ரானில் எச்டிஎம்எல்-ஐ ஒழுங்காக எழுதியிருந்தால் மிக நன்றாக இருக்கும், எல்லாவற்றையும் டிவ் போட்டு எழுதியிருந்தால் சுவர். டிகேஇன்டர் சாளரத்தைத் திறந்தால் இத்தனை காலமாக எனக்குப் பெரும்பாலும் மௌனம்தான்.

லாசரஸில் கவனிக்க வேண்டியது ஒன்று. பட்டனும் எடிட் பெட்டியும் விண்டோஸின் சொந்தம், பிரச்சினையில்லை. ஸ்ட்ரிங் கிரிட் எல்சிஎல் தானே வரைவது, அதில் நுழைந்தால் எந்தக் கட்டத்தில் இருக்கிறேன் என்று தெரியாது. பட்டியலுக்கு லிஸ்ட்வியூ பயன்படுத்துங்கள், அது விண்டோஸின் சொந்தக் கட்டுப்பாடு. எந்த டூல்கிட்டாக இருந்தாலும், அந்தப் பெரிய சிவப்பு எடை எண்ணைப் படமாக வரைந்துவிட்டு அப்படியே விடாதீர்கள். அதற்கு ஒரு பெயரும் மதிப்பும் கொடுத்தால்தான் எங்களுக்குக் கேட்கும்.

---

எடைக்கல்

ஒலிவழி, இது என் மனதில் இல்லவே இல்லை, குறித்துக்கொண்டேன். கிரிட்டுக்குப் பதில் லிஸ்ட்வியூ என்பதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

விண்டோஸ் 7 மில்காரர்களைக் கேட்டேன். இரண்டு பேரும் "இப்போதைக்கு இல்லை". அடுத்த கவலை டாட் மேட்ரிக்ஸ். இப்போது எண்களை நேராக பிரிண்டருக்கு அனுப்புகிறேன், விர்ரென்று அடிக்கும். தமிழ்ப் பெயரைச் சேர்த்தால்?

---

பழையசோறு

அங்கேதான் விஷயம். டாட் மேட்ரிக்ஸின் உள்ளே இருக்கும் எழுத்துகளில் தமிழ் இல்லை. தமிழ் வேண்டுமென்றால் படமாக அனுப்ப வேண்டும், ஊசி வரிவரியாக உழும். மூன்று வண்டி நிற்கும்போது அது நடக்காத காரியம். மில் பெயர், முகவரி, "மொத்த எடை", "நிகர எடை" எல்லாவற்றையும் தாளிலேயே அச்சகத்தில் அடித்து வாங்கிவிடுங்கள். எண்களையும் வண்டி எண்ணையும் டெக்ஸ்ட் மோடில் அனுப்புங்கள். விவசாயி பெயர் ஒரு வரி மட்டும் படமாக.

லாசரஸ் பிரிண்டர் பொருளில் ராமோட் என்று ஒரு சொத்து இருக்கிறது. அதை ட்ரூ ஆக்கி ரைட் கொடுத்தால் பைட்டுகள் அப்படியே போகும். க்யூட்டி பிரிண்டர் வகுப்பில் இந்த வழி இல்லை, எல்லாம் வரைந்துதான். நூல்கண்டு மறுப்பாரா?

---

நூல்கண்டு

மறுக்கவில்லை. க்யூட்டியில் இருந்து விண்டோஸின் அச்சு ஸ்பூலரை நேராகக் கூப்பிட வேண்டும், லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சுச் சேவைக்கு ராவாக, அதாவது பைட்டுகளை அப்படியே, அனுப்ப வேண்டும். செய்யலாம், ஆனால் இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

32 பிட் விண்டோஸ் 7, 2 ஜிபி, விபி பழக்கம், டாட் மேட்ரிக்ஸ் ராவாக, ஒரே ஆள். இந்த ஐந்தையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டும் லாசரஸுக்கே. புதுக் கணினிகளுக்கு மட்டும் எழுதுவதாக இருந்தால் பைசைடு6 என்று அடித்துச் சொல்லியிருப்பேன். லாசரஸில் எனக்கு இருக்கும் ஒரே உறுத்தல் லினக்ஸ் பக்கம்: இயல்பாக அது ஜிடிகே2-ஐ எடுக்கிறது, ஜிடிகே2-வின் ஆயுள் 2020-ல் ஜிடிகே4 வந்தபோதே முடிந்துவிட்டது.

---

பழையசோறு

ஜிடிகே2-க்குப் பதில் திரையை வரைய க்யூட்டி5, க்யூட்டி6 விட்ஜெட்செட்டும் லாசரஸில் இருக்கிறதே. ப்ராஜெக்ட் ஆப்ஷனில் மாற்றி மறுபடி கம்பைல் செய்தால் போதும், கூடவே க்யூட்டியைப் பாஸ்கலோடு இணைக்கும் நூலகத்தையும் கொடுக்க வேண்டும். கடைசியில் க்யூட்டியே உள்ளே வந்துவிட்டது பாருங்கள்.

---

யாழ்_குறி

டெக்ஸ்ட் மோடில் நெடுவரிசைகளாக அடுக்குவதாக இருந்தால் ஒரு குறிப்பு. "கொள்முதல்" நம் கணக்கில் 5 எழுத்து, யூனிகோடில் 9 குறிகள். பாஸ்கலில் யூடிஎஃப்-8 சரத்தின் நீளத்தைக் கேட்டால் 27 பைட் என்று சொல்லும். வெற்றிடம் நிரப்பி நேராக்கும் பழைய வழி தமிழில் பலிக்காது. பெயரைப் படமாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

---

எடைக்கல்

சரி, லாசரஸிலேயே ஆரம்பிக்கிறேன். முதலில் சீரியல், ஒரு பெயர், ஒரு சீட்டு, இவ்வளவு மட்டும் விண்டோஸ் 7-லும் லினக்ஸிலும் ஓடட்டும், மற்றது அப்புறம். மேக்காரருக்கு பிடிஎஃப்.

லினக்ஸ் கணினியில் யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டரைச் செருகினேன். ஒரு கணம் வந்து மறைந்துவிடுகிறது. உபுண்டு 22.04. கன்வர்ட்டர் சிஎச்340.

---

நூல்கண்டு

தெரிந்த விஷயம்தான். பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை அந்தச் சிப்பை பிரெயில் சாதனம் என்று நினைத்துப் பிடுங்கிக்கொள்கிறது. அதை நீக்கிவிட்டால் போர்ட் வரும். வந்ததும் பயனரை டயல்அவுட் குழுவில் சேருங்கள், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று சொல்லும். சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து உள்ளே வர வேண்டும்.

---

ஒலிவழி

மொத்தமாக நீக்கச் சொல்லாதீர்கள் நூல்கண்டு! பிரெயில் காட்சிப்பலகை வைத்திருப்பவர் அந்தக் கணினியில் உட்கார்ந்தால் ஒன்றும் வேலை செய்யாது. சாதனங்களை அடையாளம் காணும் யூடெவ் விதியில் அந்த ஒரு சிப்பின் வரியை மட்டும் முடக்கினால் போதும்.

---

நூல்கண்டு

சரிதான், அந்த ஒரு வரியை மட்டும் முடக்குங்கள்.

---

எடைக்கல்

வந்துவிட்டது. கடைசிச் சந்தேகம்: வீட்டில் மேடையும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை. ஒவ்வொரு முறையும் மில்லுக்குப் போய்த்தான் சோதிக்க வேண்டுமா?

---

நூல்கண்டு

வேண்டாம். ஒருமுறை மில்லுக்குப் போய் இண்டிகேட்டர் அனுப்பும் பைட்டுகளை அப்படியே ஒரு ஃபைலில் பிடித்து வாருங்கள். வண்டி ஏறும்போது எடை ஆடுவது, நிலைப்பது, இறங்குவது, நடுவில் வயரைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அதில் இருக்கட்டும். வீட்டில் லினக்ஸ் என்றால் சோகேட், விண்டோஸ் என்றால் காம்0காம், இரண்டும் ஒன்றோடொன்று இணைந்த போலி போர்ட் ஜோடி உருவாக்கித் தரும். ஒரு முனையில் அந்த ஃபைலை ஊற்றுங்கள், மறுமுனையில் ப்ரோக்ராம். ஒரே வாசிப்பில் முழு எடை வரும் என்று நம்பி எழுதாதீர்கள். பாதி பைட் இப்போது, மீதி அடுத்த வாசிப்பில் என்றுதான் வரும். முடிவுக் குறி வரும் வரை சேர்த்து வைத்துப் பிறகு எண்ணாக்குங்கள்.

---

பழையசோறு

அப்படிப் பிடிக்கும்போது எந்த மாடல் இண்டிகேட்டர், எத்தனை பாட் ரேட் என்று ஃபைல் பெயரிலேயே எழுதி வையுங்கள். மில்லுக்கு மில் மாறும்.